தொண்டூழியர், மேசை எண் நான்கு

முதலில் அந்த எக்செல் தாள்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள், உயர்நிலை மூன்று.
பதினோரு பேர் ஹலால், மூவர் சைவம்,
ஒருத்திக்கு நிலக்கடலை ஆகாது: சிவப்புக் கட்டம்.
ஒருவனுக்குக் 'காளான் பிடிக்காது' என்று
யாரோ ஓர் அம்மா எழுதியிருந்தார்.
அதற்கும் ஒரு கட்டம் கொடுத்தேன்.

தை செங்கில் எங்கள் கட்டடம், ஏழாவது மாடி.
நான்கு மொழியிலும் பதாகை வேண்டும் என்றார் மேலாளர்.
வந்தது. தொங்கவிட்டோம்.
'வேலையிடத்தில் ஒரு நாள்'
'வேலையிடத்தில் ஒரு நான்' ஆகியிருந்தது.
ஏணியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.
எழுபது பேர் இருக்கும் தளத்தில்
அதைப் படிக்கத் தெரிந்தவர் இருவர்.
ஒருத்தி நான்.

தொண்டூழியர் பன்னிருவர் என்று கணக்கு.
திங்களன்று ஒன்பது.
"சாரி லா, கிளையண்ட் மீட்டிங்."
"பிள்ளைக்குக் காய்ச்சல்."
காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு கட்டைவிரல் படம்.

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு
ஐந்தாம் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.
ஆட்குறைப்பு.
நான் அப்போது பெயர் அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.
கொள்முதல் பிரிவு சற்குணன், இருபத்திரண்டு ஆண்டுகள்,
தண்ணீர் பிடிக்க வந்தவர் மாதிரி
என் மேசையருகே நின்றார்.
கையில் குவளை இல்லை. வெள்ளை உறை.
என் கத்தரிக்கோலில் அவர் பெயர்.
மேசை எண் நான்கு, மாதிரி நேர்காணல்.

"அண்ணே, நாளைக்கு நீங்க வர வேணாம். நான் பாத்துக்கறேன்."
"எத்தனை பேர் குறையுது?"
"மூணு."
"என்னோட நாலா?"
பதில் சொல்லாமல் கத்தரித்தேன்.
அட்டையின் ஓரம் கோணலாகப் போனது.

புதன். மழை.
பேருந்து இருபது நிமிடம் தாமதம்.
நனைந்த காலணிகளோடு பிள்ளைகள்
கம்பளம் முழுக்கப் புதுப் பாதைகள் போட்டார்கள்.
சற்குணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்,
கோணல் அட்டையை மாட்டிக்கொண்டார்,
பதாகையை அண்ணாந்து பார்த்தார்.
"மாத்தாதம்மா. சரியாத்தான் இருக்கு."

மேசை நான்கில் நூர் இஸ்ஸாத்தி.
கேள்வித்தாளைத் தட்டச்சு செய்தவள் நான்.
மூன்றாவது கேள்வியை எடுக்க மறந்துவிட்டேன்.
அல்லது நேரமில்லை. அல்லது,
எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று
அவருக்குத் தெரிந்துவிடும் என நினைத்தேன்.

"ஐந்து ஆண்டில் எங்கே இருப்பதாக நினைக்கிறாய்?"
எழுத்துப் பிசகாமல் படித்தார்.
அவள் யோசித்தாள். தெரியவில்லை என்றாள்.
பிறகு, பேட்டியின் முடிவில் நீங்களும் ஏதாவது
கேட்க வேண்டும் என்று ஆசிரியை பழக்கியிருப்பார் போல,
"நீங்க, சார்?"

பக்கத்து மேசையில் நான்
தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொண்டிருந்தேன்.
வைத்த போத்தலையே எடுத்து மறுபடி வைத்தேன்.

"எனக்கும் தெரியலை."

"அப்போ ரெண்டு பேரும் ஃபெயிலா?"

அவர் சிரித்த சிரிப்புக்கு
முதல் மேசையிலிருந்து ஜெரல்ட் தான் எழுந்து எட்டிப் பார்த்தான்.
மதிப்பெண் தாளில் பத்துக்குப் பத்து.
குறிப்பு: 'பொய் சொல்லவில்லை.'

காளான் பிடிக்காத பையன்
நண்பனின் பெட்டியிலிருந்து
காளானாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

மாலை, அறிக்கை.
தலைக்கு நாலரை, ஒன்பது பேர்,
தொண்டூழிய நேரம் நாற்பதரை மணி.
மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்:
ஊழியர்களின் நேரத்தை மட்டும் சேர்க்கவும்.

தினமும் எழுதும் சொல்தான்,
அன்றுதான் பிரித்துப் பார்த்தேன்.
வெள்ளிக்கிழமையோடு பின்பாதி கழன்றுவிடும்.
முன்பாதியை
எந்தக் கட்டத்தில் போடுவது?

நாற்பதரையை அப்படியே விட்டேன்.
யாராவது கேட்டால்
எழுத்துப்பிழை என்று சொல்லிக்கொள்ளலாம்.