அகல்வட்டம்

நிலா கோட்டை கட்டினால்
அகல்வட்டம் பகல்மழை என்பார்கள்.
என் நிலாக்கள் கண்ணாடித் தட்டில்,
ஆறிய கஞ்சி நிறத்தில்,
ஆறு மருந்து வில்லைகள்.
இரவெல்லாம் இளஞ்சூட்டில் கிருமி வளரும்,
மருந்துக்குப் பயந்தால்
வில்லையைச் சுற்றி விலகி நிற்கும்.
விலகிய இடத்தை ஸ்கேல் வைத்து அளப்பது என் வேலை,
பதினேழு வருஷமாக, தண்டையார்பேட்டையில்,
கன்டெய்னர் லாரிகள் நின்ற இடத்திலேயே உறுமும்
சாலையைப் பார்த்த ஜன்னலருகே.

அந்தச் சனிக்கிழமைத் தட்டு கன்னியப்பனுடையது.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
கெளுத்தி முள் குத்திய கால்.
மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை,
வலி நின்றதும் நிறுத்தியாச்சு.
மறுபடி நாலு, வேறு கலரில்.
அப்புறம் ஏலத்துக்கு நேரமாச்சென்று
பிளாஸ்டிக் கவரைக் காலில் கட்டிக்கொண்டு
ஐஸ் மேலேயே நின்றிருக்கிறார்.
இப்போது முழங்கால்வரை சிவப்பு.

ஐந்து வில்லைகளின் ஓரம்வரை
கோரைப்புல் மாதிரி அடர்ந்து கிடந்தது.
ஆறாவது மட்டும் கோட்டை கட்டியிருந்தது.
கடைசி மருந்து.
அதற்குப் பின்னால் அலமாரியில் அதிகம் இல்லை.
இருபத்து மூன்று என்று எழுதினேன்.
இருபத்து மூன்றென்றால் கேட்கும்.
மருந்து கேட்கும் என்றுதானே சொல்கிறோம்,
கிருமிக்குக் காது இருப்பதுபோல.

ஸ்டாண்டில் மாட்டிய போன் அதே தட்டைப் பார்த்தது.
ஜெரால்டு என்கிற பையன் கொண்டுவந்து வைத்தது.
செயற்கை நுண்ணறிவு என்று ஆர்டரில் இருந்தது,
நாங்கள் மேஸ்திரி என்போம்.
முதல் வாரம் ட்யூப்லைட் பளபளப்பைக் கிருமியென்று சொல்லி
என்னிடம் திட்டு வாங்கியது.
இப்போது சொன்னது:
பத்தொன்பது.

பத்தொன்பதென்றால் கேட்காது.

ஸ்கேலை மறுபடி வைத்தேன், இருபத்திரண்டு.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வைத்தேன்,
இருபது.

என் பழைய நோட்டுகளையெல்லாம் அது படித்திருக்கிறதாம்.
மற்ற மருந்துகளைச் சரியாகத்தான் அளக்கிறேனாம்.
கடைசி மருந்துக்கு மட்டும்
இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கூட.
ஜெரால்டு தயங்கித் தயங்கிச் சொன்னான்.
யாரும் சொல்லி நான் செய்ததில்லை.
கூறு கட்டிய மீனுக்கு மேல்
ஒன்றை எடுத்துப் போடுகிற கை மாதிரி
என் கையும் கொசுறு போட்டிருக்கிறது.
கேட்காத மருந்து கேட்குமென்று
எத்தனை பேர் கட்டிலில் காத்துக் கிடந்தார்கள் என்று
அதனிடம் கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.
அது சொல்லிவிடும்.

இதே சாயலில் பதினோரு தட்டுகளை எடுத்து அடுக்கியது,
எல்லாம் கால்வாய்க்கரைத் தெருக்கள்.
சிறுநீரகத்துக்கு ஆகாதென்று ஒதுக்கிய பழைய மருந்து,
கூட இன்னொன்று,
சேர்த்துக் கொடுத்ததில் ஏழு பேர் வீட்டுக்குப் போனார்கள்.
மற்ற நாலு பேரைப் பற்றி அதனிடம் விவரம் இல்லை.
என்னிடம் இருக்கிறது.

டாக்டர் ஃபர்ஹானாவுக்குப் போன் போட்டு
இருபத்து மூன்றை அடிக்கச் சொன்னேன்.
அவர் காரணம் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது.
இரண்டு விரல் போய்விட்டது.
ஐஸ் மேல் நிற்க எத்தனை விரல் வேணும் என்றாராம்.

இப்போதெல்லாம் போனைத் துண்டால் மூடிவிட்டு
முதலில் நான் அளக்கிறேன்.
எழுதிவிட்டுத்தான் துண்டை எடுப்பது.
நேற்று வித்தியாசம் ஒன்றே ஒன்று.
யாருடையது கூட என்று
கேட்கவே வேண்டாம்.