இரண்டு கால்

தும்பங்கேணிப் பக்கம்
மாரி வெள்ளாமை முழங்கால் உயரம் நின்ற வயலுக்குள்
கம்பி அறுந்து கிடந்தது.
முப்பத்து மூவாயிரம் வோல்ற்று.
சத்தமில்லை. தண்ணீரில் கொஞ்சம் நுரை,
அவ்வளவுதான்.

வரம்படியில் எருமை ஒன்று செத்துக் கிடந்தது.
முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே
ஐந்தடி.
அந்த ஐந்தடிதான் அதைக் கொன்றது.

அதற்கு இப்பால், கயிற்றை நழுவவிட்டபடி
கோமளேஸ்.
"அசையாதகா!" என்று கத்தினேன்.
"காலைத் தூக்காத. இழுத்துச் சேர். ரெண்டையும் சேர்."
மறுகா அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நின்றாள்.

கடத்தியின் மேல் எங்கும் அழுத்தம் ஒன்றே.
போக வேறிடம் இல்லாமல்
ஏற்றம் அதில் ஓய்ந்து கிடக்கும்.
சோதனையில் எழுதிவிட்டு மறந்திருந்தேன்.
தூணில் ஏறத் தொடங்கிய பிறகு
காகம் ஞாபகப்படுத்தியது:
இரண்டு காலும் ஒரே கம்பியில்,
பக்கத்துக் கம்பிக்குச் சிறகு நீட்டாத வரை
ஒரு குறையுமில்லை.

நனைந்த மண் அரைகுறைக் கடத்தி.
அடிக்கு அடி அழுத்தம் இறங்கும்.
கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையாய்க் கிடக்கும்
எங்கள் போரதீவுப் பற்றில்
அன்றைக்கு ஒரு மலை நின்றது.
உச்சியில் கம்பி.
சரிவில் அவள்.
அடிவாரத்தில் நாங்கள்.

"போய்க் கையைக் குடன்!" என்றான் அவளுடைய தம்பி.
குடுக்கவில்லை.
என் கை அடிவாரம், அவள் கை சரிவு;
தொட்டிருந்தால்
எங்கள் இருவருக்குள்ளாலும் ஓடித்தான்
அது சமமாகியிருக்கும்.
அவன் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

களுவாஞ்சிக்குடியில் றம்ஸீன் போன் எடுக்கவில்லை.
மழை திரும்பவும் பிடித்தது.
அவள் கெண்டைக்காலில் அட்டை ஏறியது.
குனியவில்லை.
உச்சி முதல் உள்ளங்கால் வரை
இரண்டாயிரம் வோல்ற்றாவது நிறைந்து நின்றிருப்பாள்.
அது அவளுக்குத் தெரியவேயில்லை,
எல்லா இடத்திலும் ஒரே அளவு என்பதால்.
தெரிந்ததெல்லாம் அந்த அட்டை.

நாற்பது நிமிசம்.

லைன் நிப்பாட்டியாச்சு என்று செய்தி வந்ததும்
நான்தான் முதலில் வயலுக்குள் இறங்கினேன்.
"வாகா, இனி ஒண்டுமில்ல."

மலை போய்விட்டது.
நிலம் பழையபடி நிலம்.
அவள் இடது காலைத் தூக்கினாள்.
தூக்கிய காலை
எங்கே வைப்பதென்று
கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.