விட்டால் வரும், பிடித்தால் போகும்

பஞ்சிகாவத்தையில் எவரும்
சத்தத்தைச் சத்தமாய்க் கொண்டுவருவதில்லை.
கராஜ் வாசலைக் கண்டதும்
வண்டி வாயை மூடிக்கொள்ளும்.
பிறகு வந்தவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கடகட கடகட என்றார் வங்கி எழுதுவினைஞர்,
டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு.
கிளச் கூடையின் விரல்களில் பள்ளம்.
கிணுங் கிணுங் என்றாள்
பீட்சா கொண்டோடும் ரிஸ்லியா.
செயின். வேறொன்றுமில்லை.
மழைக்குள் ஓடுகிற செயின் ஒயில் கண்டு மூன்று மாதம்.
டொக் என்றார் பொலிஸ்காரர், சிங்களத்தில்.
டொக் இரண்டு பாஷைக்கும் பொது.
முதல் கியருக்கு விழும்போது மட்டுமா, மாத்தயா?
கேபிளில் இரண்டு சுற்று. காசு வாங்கவில்லை,
அவரும் நீட்டவில்லை.
கொட்டாஞ்சேனைப் பாதிரியார்
மூக்காலேயே ஊளையிட்டுக் காட்டினார்,
நாலாம் கியரில் மட்டும் என்று.
பல் தேய்ந்துவிட்டது ஃபாதர் என்றேன்.
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

நவம்பரில் ஒரு வெள்ளி,
ஜும்ஆவுக்குப் பாதிக் கடைகள் பூட்டியிருந்த நேரம்,
நீலப் பல்சரில் வந்தவன்
சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தான்.

என் பெயர் கோபிதன்.
எனக்குக் காது கேட்காது.
வண்டியில் ஒரு சத்தம்.

மூன்று தரம் வாசித்தேன்.
லைசன்ஸ் பற்றி நான் கேட்கவில்லை.

ஸ்டார்ட் பண்ணினேன்.
பக்கத்தில் லேத் இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது,
தெருவில் மருதானைக்குத் திரும்பும் பஸ்கள்.
ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை எஞ்சினிலும்
பிடியைக் காதெலும்பிலும் வைத்து
கண்ணை மூடிக் கேட்டேன்.
நல்ல வண்டி.
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவன் இல்லை என்றான், முழுத் தலையாலும்.
என் முன்கையைப் பிடித்தான், கிரீஸைப் பாராமல்.
விரலால் தட்டினான்:
த, தத. த, தத.
தன் இடது கையைப் பொத்தினான். தட்டல் நின்றது.
மெல்ல மெல்ல விட்டான்.
த, தத.
பிறகு குனிந்து தன் வலது பாதத்தைத் தொட்டான்,
பெருவிரலின் அடியை, சரியாக அங்கே.

பிடித்தால் போகிறது, விட்டால் வருகிறது.
உள்ளே பெயரிங் என்றால் எஞ்சினையே பிளக்க வேண்டும்,
அவனுக்கு அது ஒரு மாதச் சம்பளம்.
ஏற்கெனவே தெமட்டகொடையில் ஒருவர்
செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் மாற்றிப்
பதினெட்டாயிரம் எடுத்திருக்கிறார்.
அந்த ரசீதும் கடதாசியோடு மடித்திருந்தது.

வலப்பக்கக் கவரைக் கழற்றினேன்.
தட்டில் ஒயில் வடிந்தது, அதில் தூள் மினுங்கவில்லை,
அப்போதே பாதி மூச்சு வந்தது.
கிளச்சின் நடு நட்டில் விரலை வைத்தேன்.
சுற்றினேன். சுற்றியது.
ஸ்பானர் இல்லை, விரலால்.

புது வொஷர் இருநூற்றைம்பது ரூபாய்,
கெஸ்கெட் அறுநூறு,
அரை மணித்தியாலம்.
மருதானைப் பாலம் வரை ஓடிப்போய் வந்து
இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி
சிரித்தான், முதல் தடவையாக.
இரண்டாயிரம் தந்தான். மிச்சம் கொடுத்தேன்.

போயிருக்க வேண்டும். போகவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
என் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றான்.
முகம் சுருங்கியது.
ஒரு எட்டு வைத்தான், இன்னொன்று,
மூலையில் ஓடிக்கொண்டிருந்த
என் கொம்பிரெஸர் வரை.
திரும்பி வந்து முன்கையைப் பிடித்தான்.
த. தத்தத். த.

அது எப்போதும் அப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு சுவிட்சை அணைக்கப் போனேன்.