ஆவன்னா

செட்டிகுளம் ஜங்ஷனில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடை.
அதற்கு மேல் மாடி.
தேங்காயெண்ணெய் வாசனை கூடவே படியேறி வந்து
கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது.
உள்ளே ஏசி, ஒரு மீன்தொட்டி,
எதற்கும் கவலைப்படாத ஒரு பெண்ணின் படம்.
டோக்கன் ஏழு. பெயர் டெல்பின் சுகிர்தா. வயது ஐம்பத்திரண்டு.
நாற்பத்தொன்பது என்றுதான் முதலில் எழுதினேன்.

வந்த காரணம் பெரிதல்ல.
பேங்கில் புதுப் பையன் கேட்டான்,
"மேடத்துக்கு வீட்டில் ஏதும் பிரச்சனையா?"
கொழுந்தன் மகள் கல்யாண ஆல்பத்தில்
எல்லாரும் சிரிக்க, நான் மட்டும்
மழை வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
நெற்றியில் மூன்று கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல.

டாக்டர் நஸ்ரின் ஊசியைத் தொடவில்லை.
கேட்டுக்கொண்டே இருந்தாள்.
ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டா,
நரம்பில் தசையில் சீக்கு உண்டா,
யாராவது வீட்டு ஹாலில் வைத்து
மலிவாகப் போட்டுவிட்டது உண்டா.
"எங்க போனாலும் குப்பியை உங்க முன்னால திறக்கச் சொல்லணும் டீச்சர்.
என்கிட்டயும் சொல்லணும்.
பேரையும் தேதியையும் நீங்களே வாசிக்கணும்."
போட்டபின் நாலு மணி நேரம் படுக்கக்கூடாது. தேய்க்கக்கூடாது.
ராத்திரி தைலம் தேய்க்காமல் நான் தூங்கியதில்லை;
அதைச் சொல்லவில்லை.
முழுசாய்ப் பிடிக்க ரெண்டு வாரம்.
சிலருக்கு இமை சரியும், சில வாரம் பொறுக்க வேண்டும்.
மூணு நாலு மாசத்தில் கோடு திரும்பி வரும்,
வட்டிக்காரன் மாதிரி.

கடைசியில்தான் கேட்டாள்:
"என்ன பாடம் எடுக்கிறீங்க?"

காது கேளாத பிள்ளைகளுக்கு, எல்லாப் பாடமும்.
வாய் சொல்லும்போதே கையும் சொன்னது, பழக்கம்.
தமிழுக்குக் கேள்வி வேண்டுமென்றால்
சொல்லின் வாலில் ஓர் ஆவன்னா போதும்.
சாப்பிட்டாய். சாப்பிட்டாயா.
எங்கள் கைக்கு வால் கிடையாது.
அந்த ஆவன்னாவை நாங்கள்
புருவத்தால் தூக்குகிறோம்.

டாக்டர் எழுந்து வந்து
என் நெற்றியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"இப்போ கேளுங்க."

கண்ணாடியில் என் கை கேட்டது.
சாப்பிட்டாய், என்றது.
இன்னொரு தடவை.
வலிக்கிறது. வீட்டுக்குப் போகிறாய்.
உன்னை யாரோ அடித்தார்கள்.
எந்தப் பிள்ளையிடமும் எதையும் கேட்காத ஒருத்தி
எல்லாம் தெரிந்தவள்போல் சொல்லிக்கொண்டிருந்தாள்.
போலீஸ் ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள்.

"குறைச்சுப் போடலாம்," என்றாள். "கொஞ்சம் அசையும்."
கொஞ்சம் என்றால்?
முன் பெஞ்சுக்குத் தெரியும், பின் பெஞ்சுக்குத் தெரியாது.
கோடை லீவில் போட்டால்?
லீவு ரெண்டு மாசம், மருந்து நாலு மாசம்.
கணக்கு உதைக்கிறது.

அப்புறம் பெயர் வேறு இருக்கிறது.
எங்கள் பள்ளியில் ஆளுக்கொரு கைப்பெயர்.
மூன்று விரலை நெற்றியில் குறுக்கே இழுத்தால் நான்.
வைத்தவன் ஜெனிஷ், இப்போது ஷார்ஜாவில் வெல்டர்.
வீடியோ காலில் முதலில் அந்த மூன்று விரல்தான் வரும்,
முகம் பிறகு.
அபிஷாவின் அம்மா அதைப் பார்த்துவிட்டு
டீச்சர் விபூதி பூசுகிற ஆளாக்கும் என்றாளாம்.
நான் சிஎஸ்ஐ. பாடகர் குழுவில் ஆல்ட்டோ.

ஐந்நூறு ரூபாய் பீஸ். ஊசி இல்லை.
ஆசை போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
ஹேண்ட்பேக்கில் பணம் எடுக்கிற சாக்கில்
குட்டிக் கண்ணாடி பார்த்து
நெற்றியை மேலே இழுத்து வைத்துக்கொண்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம்
ஒரு தேதி சொன்னேன்:
நான் ரிட்டயர் ஆவதற்கு மறுநாள்,
எட்டு வருஷம் கழித்து, ஜூன் ஒன்று.
எழுதிக்கொள்ளம்மா, காலையில் முதல் டோக்கன்.

"எட்டு வருஷம் கழிச்சா?" என்றாள்.
இருபத்துமூன்று வயதிருக்கும், கழுவி வைத்த நெற்றி.
அந்த ஆவன்னாவில்
மூன்று கோடு எழுந்தது,
நின்றது,
போன இடம் தெரியவில்லை.