பொருள்: தூசி

போன ரமலானுக்கு முன்
நான்தான் தட்டச்சு செய்தேன்:
"கிரஷருக்கு வடிகட்டி கட்டாயம் என்றால்
எண்ணூறு குடும்பங்களின் அடுப்பு அணையும்."
எண்ணூறு என்பது மத்தாயி சார் சொன்ன கணக்கு.
சம்பளப் பட்டியலில் இருநூற்றுப் பதினொரு பேர்.
ஒருவனுடைய குடும்பமும் இங்கே இல்லை.

இந்த வாரம் இன்னொரு கடிதம்.
அதே இலாகா, அதே ராஸ் அல் கைமா தபால் பெட்டி எண்:
"விதியை மனமார வரவேற்கிறோம்.
மூச்சு எல்லோருக்கும் பொது."

நடுவில் நடந்தது இவ்வளவுதான்.
மூடிப்போன ஓர் ஆலையிலிருந்து
இரண்டு வடிகட்டிகள் பாதி விலைக்கு வந்து இறங்கின.
மலைக்கு அந்தப் பக்கம்
குல்ஜார் கானிடம் இருப்பது ஒரே ஒரு பழைய கிரஷர்.
வடிகட்டி வாங்க அவருக்கு வழியில்லை.
விதி வந்தால்
அவர் மலையும் எங்கள் மலை.

"மூச்சு" நன்றாக விழுந்திருக்கிறது என்றார் சார்.
அது என் சொல்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
குல்ஜார் கான் அறைக்கே வந்துவிட்டார்,
மறுப்பு எழுதித் தரச் சொல்லி.
பழையது கைவசம் இருந்தது.
எண்ணூறை அடித்துப் பதினாறு என்று போட்டேன்.
அந்தப் பதினாறு பொய்யில்லை.

ஒரு மாதமாகிறது,
ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தால்
கோடு விழுவதில்லை.
எதற்காக மாட்டினார்கள் என்று
வடிகட்டிக்குத் தெரியாது.
கொடியில் காயும் சட்டை
முதல்முறையாக வெள்ளையாகவே காய்கிறது.

மேல் கட்டிலில் சூசைமாணிக்கம் மட்டும்
இன்னும் இருமுகிறான்,
முதல் கடிதத்தின்படி.