பின்சில்லுக்கு எத்தனை இறாத்தல்

சங்கிலி மூடியில் ஒட்டின தாளில்
இரண்டே இரண்டு கணக்கு.
ஒருத்தர் ஏறினால் இருபத்தெட்டு இறாத்தல்,
ரெண்டு பேரென்றால் முப்பத்திரண்டு.
புடவைப் பொட்டணிக்கு எத்தனை என்று
அச்சடித்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

பொட்டணி கட்டுவது நான்.
சாறன் நாற்பது, பெட்சீட் பன்னிரண்டு,
சட்டைத்துண்டு, பள்ளிக்கூட வெள்ளை, சீத்தை.
எங்கள் பொட்டணி முக்கால் ஆள்.
தீவாளிக்கு முந்தின கிழமை ஒன்றேகால் ஆள்.

சுபஹு தொழுதபின், வெயில் சில்லைத் தொடமுன்
கேஜை வைத்து அமத்துவேன்.
வெயில் ஏறினால் காத்தும் ஏறும்,
மறுகா கேஜ் சொல்வதெல்லாம் சூட்டின் கதை.
"இண்டைக்கு எங்க?"
"தாந்தாமலைப் பக்கம்."
மண்முனைப் பாலம் தாண்டி
கொக்கட்டிச்சோலை மட்டும் தார்,
அதற்கப்பால் கிரவல்,
உள்ளே இறங்கினால் வெறும் மணல்.
தாருக்கு இறுகின காத்து நல்லம்,
மணலுக்கு இளகின காத்து நல்லம்.
ஒரு சில்லுக்குள் இரண்டு ரோட்டை எப்படி அடைப்பது?
முப்பது என்றேன்.
இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கோபம் வரட்டும்.

புது டயர் அது. முந்தின இரவுதான் போட்டது.
கடையில் கேட்ட கூலி நாலு சாறனின் லாபம்.
முற்றத்துக்கு பல்பை இழுத்துக் கட்டினோம்.
பழைய டயரோ றிம்மை விடமாட்டேன் என்கிறது.
பக்கத்து ஹஸ்மத்தின் மோட்டச்சைக்கிளைக் கொண்டுவந்து
அதன் ஸ்டாண்டை டயரில் ஊன்றிச் சாய்த்தோம்.
டொப்பென்று விட்ட சத்தத்துக்கு
காத்தான்குடியில் எங்கள் ஒழுங்கையே முழித்திருக்கும்.
சவர்க்காரத் தண்ணி தடவினேன்.
இவர் லீவரோடு மல்லுக்கட்டி ஏற்றி
காத்தடித்து, "பாத்தியா" என்று நெஞ்சை நிமிர்த்த
உள்ளேயிருந்து ஸ்ஸ்ஸ் என்று பதில்.
புது ரியூப்பை லீவர் கடித்திருந்தது.

ஒட்டி, ஏற்றி, துடைத்து நிறுத்தியபின்தான் கண்டேன்:
டயரின் கன்னத்தில் அம்பு
பின்னாலே போகிறது.

ஒரு மணி.
ஒருத்தரும் பேசவில்லை.

மூன்றாம் தரம் லீவரை வாங்கி எறிந்துவிட்டு
குதிக்காலை வைத்தேன்.
வால்வுக்கு எதிர்ப்பக்கத்தை
றிம்மின் பள்ளத்துக்குள் மிதித்துப் பிடித்தால்
வால்வுப் பக்கம் தானாக இளகும்.
அழுகிற பிள்ளைக்குச் சட்டை போடுவது மாதிரி,
ஒரு கை உள்ளே போனால் மற்றக் கை வந்துதானே ஆகவேணும்.
இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு பம்மை எடுத்துத் தந்தார்.

பின்னேரம் வரும்போது
முகத்தை நான் பார்ப்பதில்லை.
யாவாரிமாரின் முகம், அது எனக்கும் சேர்த்துப் பழக்கப்பட்டது.
பின்சில்லைப் பார்ப்பேன்.
நிலத்தில் பதிகிற இடம் ஒடுங்கியிருந்தால் விற்றிருக்கு.
பரந்திருந்தால்
தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடுவேன்,
கதை கேட்கமாட்டேன்.

அன்றைக்குக் காலையில் போனதைவிடச்
சப்பளிந்து வந்தது சில்லு.
சீனிப் போத்தலுக்குக் கை போய்விட்டது.

"கேற்றைத் திற கிளி, பாரம்."

பொட்டணி பாதியும் இல்லை.
அதன் இடத்தில் ஒரு மூட்டை நெல்லு,
மேலே கயிறு போட்டுக் கட்டின ரெண்டு பூசணிக்காய்.
"காசில்ல எண்டுட்டுதுகள்.
கச்சக்கொடிப் பரிமளம் மட்டும்
ஏழு பெட்சீட் எடுத்தா."

முப்பது இறாத்தல் காத்தில், அந்த மணலில்,
இந்த மனுசன் ஒரு ஆளுக்கு மேலே
இன்னொரு ஆளை ஏற்றி வந்திருக்கிறார்.
வாய்வரைக்கும் வந்தது ஏச்சு.
குனிந்து டயரின் பக்கத்தைத் தடவினேன்.
வெடிப்பில்லை. வால்வு நேராய் நிற்கிறது.
அம்பும் முன்னாலேதான் போகிறது.

நாளைக்கு நெல்லு ஆலைக்குப் போகவேணும்.
எத்தனை அடிக்கலாம்?
கேஜை எடுத்தேன்.
சில்லு இன்னும் சுடுகிறது.
திரும்ப வைத்துவிட்டேன்.
விடியட்டும்.