உள்பக்கம் ஒரு கொண்டி

நாவாந்துறை நண்டுக் கொட்டிலில்
நாற்பத்திரண்டு பெண்கள், ஒரு கழிவறை,
கதவுக்குப் பதில் அரிசிச் சாக்கு.
விஷயம் இவ்வளவுதான்.
இதை இருநூற்றைம்பது சொற்களில்
விபரிக்கச் சொல்கிறது மூன்றாம் பகுதி.

நான் எழுதிக் கொடுப்பவள்.
ஆஸ்பத்திரி வீதியில்
போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே என் மேசை.
கரண்ட் போனால் மடிக்கணினியில்
மிச்சம் நாற்பது நிமிடம்.

கதவு என்று எழுதினால் காசு வராது.
அந்த நாட்டில் இந்த வருடம்
கதவுக்கு நிதியில்லை, காலநிலைக்கு உண்டு.
ஆகவே கடலை அரை அடி உயர்த்தினேன்.
கழிவறையை அதன் ஓரத்துக்கு நகர்த்தினேன்.
மீண்டெழும் தன்மை என்ற சொல்லைக்
கூரைத் தகரம்போல மேலே போட்டு
காற்றுக்குப் பறக்காமல்
நாலு புள்ளிவிபரக் கல்லும் வைத்தேன்.

வாசிப்பவரை எனக்குத் தெரியும், கண்டதில்லை.
இரவு பதினொரு மணி,
முன்னால் அறுபது கோப்பு, ஆறிய தேநீர்.
முதல் வரியில் அவருக்கு ஒரு பெயர் கொடுக்கவேண்டும்,
அடுத்த வரியில் ஓர் எண்.
கண்ணீர் கால் கரண்டி.
கூடினால் சந்தேகப்படுவார்.
நாலு இலட்சத்து எண்பதாயிரம் என்றால் நம்பார்;
நாலு இலட்சத்து எழுபத்தெட்டாயிரத்து
அறுநூற்று ஐம்பத்திரண்டு என்றால்
அந்த இரண்டு ரூபாயில் உருகிப்போவார்.

"மறைமுகப் பயனாளியள் எண்டால் ஆர் பிள்ளை?"
அன்ரனிற்றா அக்கா கேட்டா,
விரலில் நண்டுச் சதை காயாமல்.
"நேரடியை நாலால பெருக்கிறது அக்கா.
உங்கட வீட்டு ஆக்கள்."
"என்ர வீட்டில நானும் பூனையும்."
நூற்று அறுபத்தெட்டு என்று எழுதினேன்.

மாசியில் பதில் வந்தது, ஒற்றை வரி:
புத்தாக்கம் போதாது.

பங்குனியில் வேறொரு சிறு நிதிக்கு
மதிப்பிட ஆளில்லை என்று
என்னையே கூப்பிட்டார்கள்.
முப்பத்தேழு கோப்பு.
தேநீர் ஆறியது.
பதினோராவதில் என் கடல் அரை அடி உயர்ந்தது.
பத்தொன்பதாவதில் என் கூரைத் தகரம்,
மன்னாரில், ஓர் ஆட்டுக் கொட்டிலின் மேல்.
இருபத்தாறாவதில்
ஊர்ப்பெயரை மாற்றவும் மறந்திருந்தார்கள்:
கிளிநொச்சிக் குளக்கரையில்
நாவாந்துறை அலையடித்தது.
கீழ்க்கடைப் பொடியன் என் கோப்புகளைப்
பென்டிரைவில் விற்கிறான் போல.
எல்லாவற்றுக்கும் எழுபதுக்கு மேல் போட்டேன்.
நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

கடைசி ஒன்று கையெழுத்து.
கொப்பி ஒற்றை, ஓரத்தில் எண்ணெய்க் கறை.

*எங்களுக்கு ஒரு கதவு வேணும்.
அகலம் இரண்டரை அடி, உயரம் ஆறு.
உள்பக்கம் ஒரு கொண்டி.
பத்தொன்பதாயிரம் முடியும் எண்டு
ஆசாரியார் சொன்னவர்.
நேரடிப் பயனாளியள் நாற்பத்திரண்டு.
மறைமுகம்: ஒரு பூனை.*

சிரித்தேன். பிறகு
சிரிப்பை வைக்க இடம் தேடினேன்.
புத்தாக்கம், இருபதுக்கு?
நிலைபேறு, இருபதுக்கு?
ஒரு பெண் உள்ளே போய்க்
கொண்டியைப் போடும் சத்தத்துக்கு
எந்தப் பெட்டியில் புள்ளி இடுவது?

படிவத்தின் அடியில் சின்ன எழுத்து:
விண்ணப்பதாரரை அறிவீரா?
அறிவீராயின் கோப்பை மற்றவரிடம் கையளிக்குக.

முப்பத்தாறு கோப்பில் என்னையே அறிந்திருந்தேன்,
அங்கெல்லாம் 'இல்லை' என்றே அடையாளமிட்டிருந்தேன்.
இதற்கு மட்டும் 'ஆம்' போட்டேன்.
முதன்முறையாக நேர்மை
யாருக்கும் உதவாத இடத்தில் வந்து நின்றது.

பக்கத்து மேசைக்காரர் ஒற்றையை வாங்கினார்.
திருப்பினார்.
வெளிச்சத்தில் பிடித்தார்.
கோப்பு மட்டையை உதறினார்.
"தங்கச்சி,
இதின்ர மிச்சப் பக்கங்கள் எங்க?"